நாற்பது வயதில் ஒரு செவிலியர் எங்கே போவது?

சிறந்த செவிலியருக்கான தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதை ஆண்டுதோறும் குடியரசுத் தலைவர் வழங்கி வருகிறார். 1973-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட இவ்விருது, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரின் தொண்டினைப் பெருமைப்படுத்துகிறது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், அதே தலைநகரின் மருத்துவமனைகளில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்துக் களைத்து, இனியும் இந்த வேலையில் நீடிக்க முடியுமா என்ற கேள்வியோடு இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர்கள் எத்தனை பேர்? அவர்களில் விலகிச் சென்றவர்கள் எத்தனை பேர்? புதிதாகச் சேர்வோரின் எண்ணிக்கையைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் அரசு அறிக்கைகளில் விலகுவோருக்கு இடமில்லை.

நாட்டில் 33 லட்சத்துக்கும் அதிகமான செவிலியர்கள் பதிவு பெற்றுள்ளனர் என்றும், ஆயிரம் பேருக்கு 1.96 செவிலியர் என்ற விகிதம் உள்ளது என்றும் 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆயிரம் பேருக்கு மூவர் தேவை என்பது பொதுவாக எடுத்துக்காட்டப்படும் அளவுகோல். எனவே பற்றாக்குறை இருப்பது வெளிப்படை. ஆனால், அந்த 1.96 என்ற எண்ணே கேள்விக்குரியது. துணைச் செவிலியர்களும் அதில் அடக்கம். வெளிநாடு சென்றவர், திருமணத்துக்குப் பின் வேலையை விட்டவர், களைத்துப்போய் வேறு தொழில் தேடிக்கொண்டவர் ஆகியோரின் பெயர்களும் மாநிலப் பதிவேடுகளில் நெடுங்காலமாக அப்படியே இருந்து வந்துள்ளன. ஏட்டில் இருக்கும் செவிலியர் வேறு, நோயாளியின் கட்டிலருகே நிற்கும் செவிலியர் வேறு.

ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்று சொல்லப்படும் பணிச்சோர்வு புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவமனையில் தொண்டாற்றியவர்களிடம் கண்ட நிலையை 1974-ஆம் ஆண்டில் இப்பெயரிட்டு விவரித்தார். உலக சுகாதார அமைப்பு 2019-ஆம் ஆண்டில் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்துக் கூறியது. உடலும் உள்ளமும் வற்றிப்போதல் முதலாவது. செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி, அதன்மீது வெறுப்பும் அலட்சியமும் தோன்றுதல் இரண்டாவது. தன்னால் இனி ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் மூன்றாவது. இது ஒரு நோய் அன்று என்பதையும் அந்த அமைப்பு தெளிவுபடுத்தியுள்ளது. பணியிடத்தில் நெடுங்காலம் தீர்க்கப்படாமல் விடப்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றே அது வரையறுக்கிறது. குறை ஊழியரிடம் அன்று, பணியிடத்தில் இருக்கிறது என்பதே இதன் பொருள். யோகாசன வகுப்பும் மன அமைதிச் சொற்பொழிவும் ஏற்பாடு செய்து கடமை முடிந்துவிட்டதாக நினைக்கும் நிர்வாகங்கள் இந்த வரையறையை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பணியிடம் எப்படி இருக்கிறது? பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர், விடுப்பில் செல்வோரை ஈடுகட்ட மேலும் 30 சதவீதம் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. நடைமுறையில், இரவுப் பணியில் ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்த்துக்கொள்வது நம் நாட்டு மருத்துவமனைகளில் புதுமையன்று. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, குளுக்கோஸ் பாட்டிலை மாற்றுவது ஆகியவற்றோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொன்றையும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுத வேண்டும். உறவினரின் கோபத்தைத் தாங்க வேண்டும். மருத்துவரின் கட்டளையை நிறைவேற்ற வேண்டும். கணினியில் கட்டணத்துக்கான பதிவுகளையும் செய்ய வேண்டும். பணி நேரம் முடிந்தாலும், அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் விளக்கி ஒப்படைத்த பிறகே வீடு திரும்ப முடியும்.

உடல் களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தும் அதைச் செய்ய நேரமில்லாமல் போவதால் வரும் களைப்பு ஓய்வில் தீருவதில்லை. அசைய முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம் என்பது செவிலியப் படிப்பின் தொடக்கப் பாடம். முப்பது நோயாளிகளை ஒருவரே பார்க்கும் இரவில் அது நடவாது. சில நாள் கழித்து அந்த முதுகில் புண்ணைக் காணும்போது குற்றவுணர்வு அடைபவர் செவிலியர்தான், பணியிடங்களை நிரப்பாத நிர்வாகம் அன்று. இத்தகைய இரவுகள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, அழைப்பு மணி ஒலித்தாலும் விரைந்து எழாத ஒரு மனநிலை வந்து சேருகிறது. மனசாட்சியுள்ள செவிலியர் அந்த மாற்றத்தைத் தன்னிடமே கண்டு அஞ்சுகிறார். வேலையை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் அந்த அச்சத்தில்தான் பிறக்கிறது.

வாய்ப்பும் துணையும் இருந்தால் செவிலியர் எதைச் சாதிப்பர் என்பதற்கு மும்பை கே.இ.எம். மருத்துவமனை சான்று. 1973 நவம்பரில் தாக்குதலுக்கு உள்ளாகி நினைவிழந்த செவிலியர் அருணா ஷான்பாகை, 2015 மே மாதம் அவர் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அங்குள்ள செவிலியர்கள் பேணிக் காத்தனர். கருணைக் கொலை குறித்த 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர்களின் தொண்டினை மனமாரப் பாராட்டியது. தலைமுறை தலைமுறையாக அவரைக் கவனித்தவர்களின் மன உறுதி போற்றத்தக்கது. ஆனால், மன உறுதியை மட்டுமே நம்பி ஒரு நாட்டின் மருத்துவத் துறை நடக்க முடியாது.

ஊதியத்தைப் பார்த்தால் வேதனை மேலும் கூடுகிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம், பணி நிலைமை குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. அவ்வாறு அமைந்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைகளுக்குக் குறைவான சிறிய மருத்துவமனைகளில்கூட மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதோடு நின்றுவிட்டது. மக்கள் நல்வாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ளது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

தில்லி அரசு இப்பரிந்துரைகளை நடைமுறைப்படுத்துமாறு 2018-இல் தனியார் மருத்துவமனைகளுக்கு ஆணையிட்டபோது, மருத்துவமனை உரிமையாளர்களின் அமைப்பு நீதிமன்றம் சென்றது. அந்த ஆணை செல்லும் என்று 2019 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளத்தில் செவிலியர் தெருவில் இறங்கித் தொடர்ந்து போராடிய பிறகே, 2018 ஏப்ரலில் தனியார் செவிலியருக்கு 20,000 ரூபாய் அடிப்படை ஊதியம் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசு மருத்துவமனையில் சேரும் செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக் குழுப்படி 44,900 ரூபாய். ஒரே படிப்பு, ஒரே வேலை. சாலையின் இந்தப் பக்கம் ஓர் ஊதியம், அந்தப் பக்கம் அதில் பாதிகூட இல்லை.

இந்த நிலையில் நாற்பது வயதை எட்டிய ஒரு தனியார் மருத்துவமனைச் செவிலியர் மாற்று வழி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் உள்ள கதவுகள் யாவை?

முதலாவது, அரசுப் பணி. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகங்களுக்கான செவிலிய அலுவலர் பொதுத் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது வரம்பு 30. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சில ஆண்டுகள் தளர்வு உண்டு. இருபது ஆண்டுக்கால அனுபவம் இந்தக் கதவைத் திறப்பதில்லை, மாறாக மூடுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆயிரக்கணக்கான இரவுகளைக் கண்டவருக்கு வயது கடந்துவிட்டது என்கிறார்கள். படித்து முடித்த மறுநாள் விண்ணப்பிப்பவருக்கு வழி திறந்திருக்கிறது.

இரண்டாவது, ஆசிரியப் பணி. செவிலியர் கல்லூரியில் கற்பிக்கும் பணியில் உயர வேண்டுமானால் முதுநிலைப் பட்டம் வேண்டும். பட்டயப் படிப்பு முடித்தவர் முதலில் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பட்டப் படிப்பையும், அதன்பின் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பையும் முடிக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் சம்பளமின்றி, கட்டணமும் செலுத்திப் படிக்க, பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் யாரால் முடியும்? சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பு அரசு ஊழியர்களுக்கு உண்டு. தனியார் மருத்துவமனையில் அது கனவே.

மூன்றாவது, சமுதாய நலப் பணி. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் 2018 முதல் அமைந்த நலவாழ்வு மையங்களில் சமுதாய சுகாதார அலுவலர்களாகச் செவிலியப் பட்டதாரிகள் நியமிக்கப்படுகின்றனர். இரவுப் பணி இல்லாத, கிராம மக்களோடு நேரடித் தொடர்புள்ள நல்ல வேலை இது. ஆனால், பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானது. நாற்பது வயதில் மீண்டும் ஓர் ஒப்பந்த ஊழியராகத் தொடங்குவதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

நான்காவது, வெளிநாடு. 2014 ஜூலையில் இராக்கின் திக்ரித் நகரிலிருந்து மீட்கப்பட்ட 46 இந்தியச் செவிலியரை நாடு மறந்திருக்காது. பெரும்பாலோர் கேரளத்தவர். போர் மூண்ட நாட்டில் அவர்கள் வேலை பார்த்ததற்கும், ஆபத்து சூழ்ந்த பின்னரும் திரும்பத் தயங்கியதற்கும் கல்விக் கடனே காரணமாகச் சொல்லப்பட்டது. இளம் வயதில் அந்தப் பாதை கடினம் என்றால், பிள்ளைகளையும் முதிய பெற்றோரையும் விட்டுவிட்டு, புதிய மொழித் தேர்வும் எழுதி நாற்பதில் புறப்படுவது அதனினும் கடினம்.

எஞ்சியிருப்பவை காப்பீட்டு நிறுவனங்களின் கோரிக்கை ஆய்வு, மருத்துவக் குறியீட்டுப் பணி, மருத்துவமனைத் தர மேலாண்மை போன்ற அலுவலக வேலைகள். இவை இழிவானவை அல்ல. செவிலியரின் அறிவு அங்கும் பயன்படுகிறது. ஆயினும், நோயாளியின் முகத்தைப் பார்த்தே அவர் நிலை மோசமாவதை உணரும் ஓர் அனுபவசாலி, கணினித் திரையில் பில்களைச் சரிபார்க்க அமரும்போது நாடு எதை இழக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கும் வழியற்றவர்கள் துணிக்கடையோ தனிப்பயிற்சி வகுப்போ தொடங்குகின்றனர், அல்லது வீட்டில் இருந்துவிடுகின்றனர்.

பெருந்தொற்றுக் காலத்தில் அளிக்கப்பட்ட வாக்குறுதிகளும் நினைவுக்கு வருகின்றன. கொரோனா பணியில் 100 நாள் நிறைவு செய்தோருக்கு எதிர்கால அரசுப் பணி நியமனங்களில் முன்னுரிமை அளிக்கப்படும் என்று 2021 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. கைதட்டலும் விளக்கேற்றலும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே நடந்து முடிந்திருந்தன. ஆனால் தமிழ்நாட்டில், பெருந்தொற்றுக் காலத்தில் நியமிக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியரின் பணிக்காலம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்ளப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மாற்றுப் பணி தரப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் செவிலியரைத் தேவைப்படும்போது அழைத்து, தேவை தீர்ந்ததும் அனுப்பிவிடும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

செவிலியர் மொத்தமாக விலகினால் என்ன நேரும் என்பதை கொல்கத்தா 2020 மே மாதத்தில் கண்டது. அங்குள்ள தனியார் மருத்துவமனைகளிலிருந்து மணிப்பூர் உள்ளிட்ட மாநிலங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான செவிலியர்கள் சில நாள்களுக்குள் ஊர் திரும்பினர். அதுவரை எளிதில் கிடைக்கும் ஆள்பலமாகக் கருதப்பட்டவர்கள் இல்லாமல் மருத்துவமனைகள் திணறின. கூட்டமாகச் சென்றால் செய்தியாகிறது. ஒவ்வொருவராகச் சென்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

தொண்டு உள்ளத்தோடு வந்தவர்கள் இடையில் விலகுவது முறையா என்று சிலர் கேட்கலாம். தொண்டு என்ற சொல்லைக் காட்டியே ஊதியத்தையும் ஓய்வையும் மறுத்துவிட்டு, அதே சொல்லைக் கொண்டு விலகும் உரிமையையும் மறுப்பது நியாயமன்று. பொறியாளர் நிர்வாகத்துக்கு மாறினால் முன்னேற்றம் என்கிறது சமூகம். செவிலியர் மாற நினைத்தால் மட்டும் மனம் தளர்ந்துவிட்டார் என்கிறது. இத்துறையில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதற்கும் இந்த இரட்டை அளவுகோலுக்கும் தொடர்பில்லை என்று கூறிவிட முடியாது.

ஒருவர் போனால் இன்னொருவர் வருவார் என்பது மற்றொரு வாதம். 2014-க்குப் பின் தொடங்கப்பட்ட 157 மருத்துவக் கல்லூரிகளுடன் இணைந்து 157 செவிலியர் கல்லூரிகளை 1,570 கோடி ரூபாய் செலவில் அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு சுமார் 15,700 பட்டதாரிகள் கூடுதலாகக் கிடைப்பர் என்று கூறப்பட்டது. நல்ல திட்டமே. ஆனால், ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நிறையாது. அதைவிட முக்கியமாக, இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியால் நாற்பது வயது அனுபவசாலியின் இடத்தை உடனே நிரப்ப முடியாது. புதியவருக்கு வார்டில் வேலை கற்றுக்கொடுப்பவரே அந்த மூத்த செவிலியர்தான். அவர் போய்விட்டால் கற்றுக்கொடுக்க ஆளில்லை. கற்காமலே பொறுப்பேற்கும் இளையவர் இன்னும் விரைவில் களைத்துப் போகிறார்.

சிறிய மருத்துவமனைகளால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்ற உரிமையாளர் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் குழுவின் பரிந்துரையே படுக்கை எண்ணிக்கைக்கேற்ப ஊதியத்தை வகுத்தது. ஆடம்பர அறைகளும் பன்னாட்டு நோயாளிகளும் கொண்ட பெருநிறுவன மருத்துவமனைகள் சிறிய மருத்துவமனைகளின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடைக்கு வழி செய்திருப்பதும், நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனைக்கு வகை செய்திருப்பதும் வரவேற்கத்தக்கவை. ஆனால், அந்தப் பரிசோதனையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தெரியும். முப்பது நோயாளிகளுக்கு ஒருவர் என்ற கணக்கு தெரியாது.

என்ன செய்யலாம்? வழிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பணி நியமனங்களில் முன்னாள் படைவீரரின் வயதைக் கணக்கிடும்போது, படையில் அவர் பணியாற்றிய ஆண்டுகள் கழித்துக்கொள்ளப்படுகின்றன. நாட்டுக்கு உழைத்த காலம் வயது வரம்புக்குள் வாராது என்பதே அதன் அடிப்படை. பதிவு பெற்ற மருத்துவமனையில் நோயாளிகளுக்காக உழைத்த செவிலியருக்கும் அந்தக் கொள்கையை விரிவாக்கலாம். பெருந்தொற்றின்போது பணியாற்றியவர்களிடமிருந்து இதைத் தொடங்கினால், 2021-இல் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படும்.

பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்குப் போஸ்ட் பேசிக் படிப்பிலும் முதுநிலைப் படிப்பிலும் அரசுக் கல்லூரிகளில் தனி இடங்களும் உதவித்தொகையும் அளிக்கலாம். புதிதாகத் தொடங்கப்படும் 157 கல்லூரிகளுக்கு ஆசிரியர்கள் வேண்டும். வார்டில் நிற்க உடல் ஒத்துழைக்காத மூத்த செவிலியர்களுக்கோ வேறு வேலை வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் இணைக்க ஒரு திட்டம் போதும். தீவிர சிகிச்சைக்கும் பேறுகாலப் பணிக்கும் தேர்ச்சி பெற்ற செவிலியர்களை உருவாக்கும் உயர்நிலைப் படிப்புகள் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன. அவற்றை முடித்தோருக்கு உரிய பதவியும் அதிகாரமும் அரசு மருத்துவமனைகளில் ஏற்படுத்தப்பட வேண்டும். சில ஆண்டுகள் விலகியிருந்து திரும்ப விரும்புவோருக்குக் குறுகிய காலப் புத்தாக்கப் பயிற்சியும் பகுதி நேரப் பணியும் தரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள் என்ற அளவு அறிவுரையாக இல்லாமல் சட்டமாக வேண்டும். அதை மீறும் மருத்துவமனையின் உரிமம் கேள்விக்குள்ளாக வேண்டும்.

1947-ஆம் ஆண்டு இந்திய செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாடு தழுவிய பதிவேடு ஒன்றை அது முன்மொழிகிறது. அப்பதிவேட்டில் செவிலியரின் பெயரோடு, அவர் இப்போது பணியில் இருக்கிறாரா, இல்லையெனில் எந்த ஆண்டில், எக்காரணத்தால் விலகினார் என்பதும் இடம்பெறச் செய்யலாம். நோயைக் கணிக்காமல் மருந்து கொடுக்க முடியாது என்பது மருத்துவத் துறையை நடத்துவோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை அடுத்து, மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவின் உறுப்பினர் பட்டியலில் ஒரு செவிலியர்கூட இல்லை. செவிலியரின் கருத்தையும் கேட்குமாறு நீதிமன்றம் கூறியது உண்மையே. ஆனால், கருத்துக் கேட்கப்படுபவராக இருப்பது வேறு, முடிவெடுக்கும் மேசையில் அமர்வது வேறு. மத்திய, மாநில அரசுகள் செவிலியர் குறித்து இனி அமைக்கும் எந்தக் குழுவிலும் பணியிலிருக்கும் செவிலியர்களும், பணியிலிருந்து விலகியவர்களும் இடம்பெற வேண்டும். ஏன் விலகினார்கள் என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை.

நாற்பது வயதில் தொழிலை மாற்றிக்கொள்வது ஒருவரின் உரிமை. அந்த முடிவை எடுக்கும் செவிலியரைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. ஆனால், போக விரும்பாதவரும் போக வேண்டியிருக்கிறது என்றால் அது உரிமையன்று, வெளியேற்றம். இருக்க விரும்புவோர் இருப்பதற்கும், மாற விரும்புவோர் மருத்துவத் துறைக்குள்ளேயே மாறுவதற்கும், திரும்ப விரும்புவோர் திரும்புவதற்கும் வழி செய்வது அரசின் கடமை. அடுத்த விருது விழாவுக்கு முன்பாகவேனும் மத்திய சுகாதார அமைச்சகம் அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.